கல்லுக்குள் ஒரு ஸ்பிரிங்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம், மூன்றாம் வருடம். பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன். அப்படிப்பட்டவன் 'மின்னழுத்தத்துக்கும் பொருளின் விறைப்புக்கும் என்ன சம்பந்தம்' என்று எழுத உட்கார்ந்தால் பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் நண்பர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். இரண்டு மாதமாக இது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வந்த வழி ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கடைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் கேள்வி.

ஒரு கல் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய உலோகப் பூச்சு. ஒவ்வொரு பூச்சிலிருந்தும் ஒரு ஒயர். இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுக் கல்லை அமுக்குகிறோம். பிறகு ஒயர்களைப் பிரித்துத் தனித்தனியாகத் தொங்கவிட்டு அதே கல்லை அதே மாதிரி அமுக்குகிறோம். பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது, ஒன்றும் கிடையாது. கல்லின் விறைப்பு மாறுமா?

மாறும். ஒயர்களைப் பிரித்து வைத்தால் கல் கூடுதலாக விறைத்துக்கொள்ளும்!

இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. விறைப்பு என்பது பொருளோடு கூடப் பிறந்த குணம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இங்கே ஒரு சின்ன விளக்கம். பலம் வேறு, விறைப்பு வேறு. முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வளையவே வளையாது, ஆனால் பட்டென்று உடைந்துவிடும். விறைப்பு உண்டு, பலம் கிடையாது. நைலான் கயிறு நேரெதிர். எப்படி வேண்டுமானாலும் மடங்கும், ஆனால் வாளியோடு தண்ணீரைத் தூக்கும். எப்போது உடையும் என்பது பலத்தின் கேள்வி. ஒரு அமுக்கு அமுக்கினால் எவ்வளவு இறங்கிக் கொடுக்கும் என்பது விறைப்பின் கேள்வி. புத்தகத்தில் இதற்கு யங் குணகம் என்று ஒரு அட்டவணையே இருக்கிறது. எஃகு என்றால் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியம் என்றால் சுமார் 70. ஆளுக்கு ஒரு எண். அந்த அட்டவணையைப் பார்த்தால், ஒயரை முறுக்கினோமா பிரித்தோமா என்பதைப் பொறுத்து எண் மாறும் என்று யாருக்காவது தோன்றுமா?

எஃகுக்கு மாறாது என்பது நிஜம்தான். அதற்கு வேறு ரகக் கல் வேண்டும். அந்த ரகம் நம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

கேஸ் அடுப்பைப் பற்றவைக்க 'டிக் டிக்' என்று அமுக்குகிறோமே, அந்த லைட்டர். அதில் பேட்டரி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிச் சுத்தியல், ஒரு சின்னப் பீங்கான் உருளை. நாம் அமுக்கும்போது ஸ்பிரிங் இறுகி, சட்டென்று விடுபட்டு, சுத்தியல் போய் அந்த உருளையில் அடிக்கிறது. அடி வாங்கிய உருளையின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. பொறி பறக்கிறது. அமுக்கினால் மின்சாரம் தருகிற இந்தக் குணத்துக்குப் பெயர் பீசோ மின்சாரம். பீசோ என்பது கிரேக்க மொழியில் 'அமுக்கு' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பாரிஸில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்ற அண்ணன் தம்பி. வருடம் 1880. தம்பி பியேருக்கு அப்போது வயது 21. (என் வயசு. நான் 21 வயதில் அரியர் இல்லாமல் இருக்கிறேன், அவ்வளவுதான் சாதனை.) பின்னால் மேரி கியூரியைக் கல்யாணம் செய்துகொண்ட அதே பியேர்தான். மேரி 1898-ல் யுரேனியத்தின் கதிர்வீச்சை அளந்தபோது கைகொடுத்த கருவியிலும் இந்த அண்ணன் தம்பியின் குவார்ட்ஸ் பட்டை ஒன்று இருந்தது.

அவர்கள் சோதித்த கற்களின் பட்டியலைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். குவார்ட்ஸ், புஷ்பராகம், சாதாரண கரும்புச் சர்க்கரைப் படிகம், அப்புறம் டூர்மலின். இந்த டூர்மலின் நம் பக்கத்துச் சரக்கு. 1700-களின் தொடக்கத்தில் டச்சு வியாபாரிகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்தான் அங்கே போய் டூர்மலின் ஆனது. அதைச் சூடாக்கினால் பக்கத்தில் கிடக்கும் சாம்பலை இழுத்துக்கொள்ளும். அதனால் டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். சூடு பட்டால் மின்சாரம் வருகிறது என்றால் அமுக்கினாலும் வரவேண்டுமே என்ற யோசனையில்தான் கியூரி சகோதரர்கள் இறங்கினார்கள்.

ஏன் சில கற்களுக்கு மட்டும் இந்தக் குணம்? கல்லுக்குள் பிளஸ், மைனஸ் இரண்டும் சரிசமமாகக் கலந்திருக்கின்றன. சமையல் உப்பு மாதிரிப் படிகங்களில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அமைப்பு, நடுவிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் ஒரே மாதிரி. அமுக்கினாலும் பிளஸ்ஸின் நடுவும் மைனஸின் நடுவும் ஒரே இடத்தில்தான் இருக்கும். குவார்ட்ஸின் அமைப்பு அப்படி இல்லை, கொஞ்சம் கோணல். அமுக்கினால் இரண்டு நடுவும் விலகிப் போகின்றன. ஒரு முகத்தில் பிளஸ் ஏறுகிறது, எதிர்முகத்தில் மைனஸ் ஏறுகிறது. கோணலாக இருப்பதிலும் லாபம் உண்டு போலிருக்கிறது.

இதுவரை பள்ளிக்கூடப் பாடம். இனிதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார்.

கேப்ரியல் லிப்மன். 1881-ல் இவர் என்ன செய்தார் என்றால், பரிசோதனை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அமுக்கினால் மின்சாரம் வருகிறது, சரி. அப்படியென்றால் மின்னழுத்தம் கொடுத்தால் கல்லின் நீளம் மாறியே ஆகவேண்டும், மாறாவிட்டால் கணக்கு இடிக்கும் என்றார். இடிக்கும் என்றால், கல்லை அமுக்கி, ஒயரை இணைத்து, விட்டு, பிரித்து என்று ஒரு சுற்றுச் சுற்றி ஆரம்ப இடத்துக்கு வந்தால் கையில் சும்மா கொஞ்சம் லாபம் மிஞ்சும். இயற்கையில் அப்படி எதுவும் மிஞ்சக் கூடாது. கியூரி சகோதரர்கள் அதே வருடம் அளந்து பார்த்தார்கள். லிப்மன் சொன்னபடியே கல் நீண்டது, சுருங்கியது.

பிசிக்ஸ்காரர்கள் இதை வெப்ப இயக்கவியல் என்பார்கள். நான் பார்க்கிறபோது இது அப்பட்டமான இரட்டைப் பதிவு முறை! ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். விட்டுப்போன பதிவு எது என்று லிப்மன் மேஜையிலேயே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் கல்லூரியில் நிதிக்கணக்கு எடுக்கும் சார் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.

இப்போது அந்த இரண்டு ஒயர்களுக்கு வருவோம்.

ஒயர்களை முறுக்கி வைத்துக் கல்லை அமுக்குகிறேன். முகங்களில் ஏறும் பிளஸ்ஸும் மைனஸும் ஒயர் வழியே ஓடிச் சந்தித்துச் சமமாகிவிடும். மின்னழுத்தம் எழும்பவே இல்லை. என் விரல் செய்த வேலை முழுவதும் ஒரே கணக்கில் வரவாகிறது. அதுதான் கல்லுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கணக்கு. ஒயர்களைப் பிரித்துவிட்டு அமுக்கினால்? ஓட வழியில்லை. மின்னழுத்தம் ஏறுகிறது. அந்த மின்னழுத்தத்திலும் ஆற்றல் தேங்குகிறது. அதாவது அதே ஆழத்துக்கு அமுக்க வேண்டுமென்றால் இப்போது இரண்டு கணக்குகளை நிரப்ப வேண்டும், ஸ்பிரிங் கணக்கு ஒன்று, மின் கணக்கு ஒன்று. செலவு கூடுகிறது. விரலுக்கு அது எப்படித் தெரியும்? கல் கெட்டியாகிவிட்டது என்று தெரியும்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். எழும்பிய மின்னழுத்தம் சும்மா இருக்காது. லிப்மன் சொன்ன எதிர்விளைவினால், நான் அமுக்க அமுக்க அது கல்லை வெளிப்பக்கம் தள்ளும். நான் உண்டாக்கிய மின்சாரமே என் விரலுக்கு எதிராக நிற்கிறது.

எவ்வளவு மாறும் என்பது கல்லைப் பொறுத்தது. குவார்ட்ஸில் சுமார் 1 சதவீதம்தான். பெரிதில்லை. ஆனால் லைட்டரில் இருப்பது போன்ற ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான்கள் விஷயத்தில் கதையே வேறு. பி.இஸட்.டி-5எச் என்று ஒரு ரகம். ஒயர்களை முறுக்கி வைத்து அமுக்கினால் 100 பங்கு இறங்குகிறது என்றால், பிரித்து வைத்து அதே விசையில் அமுக்கினால் சுமார் 43 பங்குதான் இறங்கும். இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு! அதே பொருள், அதே வெப்பம், அதே வடிவம். அட்டவணையில் இந்த மாதிரிப் பொருள்களுக்கு விறைப்பு என்று ஒரே எண் போட முடியாது. 'எந்த நிலையில்?' என்று கேட்டு இரண்டு எண்கள் போடுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். அப்படியானால் பேட்டரியை மாட்டினால் இன்னும் விறைக்குமா? விறைக்காது. பேட்டரி மாட்டினால் கல்லின் நீளம் துளி மாறும், அவ்வளவுதான். அதற்குமேல் அமுக்கும்போது மின்னூட்டம் பேட்டரி வழியாகத் தாராளமாகப் போய்வரும். ஆகவே முறுக்கிய ஒயர் மாதிரியேதான் அதுவும். மின்னழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அமுக்குகிறபோது அது மாற முடிகிறதா என்பதுதான் கேள்வி. இது எனக்குப் பிடிபடவே ஒரு வாரம் ஆனது.

முழுக்க முறுக்கவும் இல்லாமல் முழுக்கப் பிரிக்கவும் இல்லாமல் நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்தால் இன்னும் வேடிக்கை. மெதுவாக அமுக்கினால் மின்னூட்டம் கசிந்து ஓட நேரம் கிடைக்கிறது, கல் இளகி இருக்கும். வேகமாக அமுக்கினால் ஓட நேரமில்லை, விறைப்பாக இருக்கும். இடைப்பட்ட ஒரு வேகத்தில் ஆற்றல் ரெசிஸ்டரில் சூடாகிக் கரைந்துபோகும், அதாவது அதிர்வு அடங்கும். இந்தத் தந்திரத்தை வைத்து 1990-களில் பனிச்சறுக்குப் பலகைகளே செய்து விற்றார்கள். நமக்கும் பனிச்சறுக்குக்கும் உள்ள தூரம் தெரிந்ததே, எனவே மேலே போவோம்.

நேரடியாக வோல்ட் கொடுத்தால் விறைக்கிற சரக்கும் உண்டு. எண்ணெயில் மாவு போன்ற நுண்துகள்களைக் கலந்து ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு எண்ணெய் கூழாகக் கெட்டிப்படும். வோல்ட்டை நிறுத்தினால் மறுபடி எண்ணெய். அமெரிக்காவில் வில்லிஸ் வின்ஸ்லோ என்பவர் 1947-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது படிகத்தின் கதை அல்ல, வேறு குடும்பம். (வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அந்த வோல்ட் ஆளைக் கொல்லும்.)

சரி, கடைக்கு வருகிறேன் என்றேன் அல்லவா?

என் தாய்மாமா திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம், ஆறடிக்கு நாலடி. 1983-லிருந்து அங்கேதான். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தால் உலகமே மறந்துபோகும் மனிதர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, வாடகையும் ஏறிவிட்டது. பங்குனியோடு கடையை மூடுவதென்று முடிவு செய்துவிட்டார். 'கணக்க முடிச்சுக் குடுடே மருமவனே, நீதான் படிக்கியே' என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு மாதமாகச் சனி ஞாயிறு அங்கேதான் இருக்கிறேன்.

கணக்கு முடிப்பது லேசு. சிக்கல் ஒன்றே ஒன்றுதான், யாரும் வந்து வாங்கிப் போகாத வாட்சுகள். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், செத்தே போனவர்கள். மொத்தம் 61. கையிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் இவை மாமாவின் சரக்கே இல்லையே! ஊரார் பொருள். புத்தகத்தில் இவற்றின் மதிப்பு சைபர்.

மாமா அவற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். சாவி கொடுக்கிற வாட்சுகள் எல்லாம் சிவப்பு வெல்வெட் போட்ட தட்டில் வரிசையாக. பெரும்பாலும் எச்.எம்.டி. அந்த வாட்ச் கம்பெனியை 2016-ல் மத்திய அரசு மூட முடிவெடுத்த பிறகு அவற்றுக்கு மவுசு வேறு கூடியிருக்கிறது. குவார்ட்ஸ் வாட்சுகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் குப்பையாக. அந்த டின்னை எடைக்குப் போடப் போவதாகச் சொன்னார்.

'ஏன் மாமா, இதுவும் நல்லாத்தானே இருக்கு?'

'அதுல என்னடே இருக்கு? ஸ்பிரிங் உண்டுமா? பேலன்ஸ் உண்டுமா? செல்லப் போட்டா ஓடும், எடுத்தா நிக்கும். உசிரில்லாத சாமான்.'

இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சாவி வாட்ச் படித்துத் தொழிலுக்கு வந்தவர். 1987-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வாட்சுகள் சந்தைக்கு வந்த பிறகு, அவர் கற்ற வித்தையில் முக்கால்வாசிக்கு வேலை இல்லாமல் போனது. செல் மாற்றுகிறவர் ஆகிவிட்டார். நாற்பது வருடக் கோபம் அது.

ஆனால் அவர் பேச்சில் ஒரு விஷயம் என் காதில் தங்கிவிட்டது. பழைய ஜப்பான் குவார்ட்ஸ் மிஷின்கள் சிலவற்றில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் வாட்ச் வேகமாகும், மெதுவாகும் என்றார். சித்திரை வைகாசி வெயிலில் கடையில் தொங்கும் கடிகாரங்கள் சுணங்கும், அப்போது அந்த ஸ்க்ரூவைத் தொட்டால் சரியாகிவிடும் என்றார். ஸ்க்ரூ என்ன செய்கிறது என்று கேட்டேன். 'கரண்ட கூட்டிக் குறைக்கும்போல' என்றார். அங்கே ஆரம்பித்ததுதான் இந்த இரண்டு மாதக் குடைச்சல்.

சாவி வாட்சுக்குள் ஒரு சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும். அதை ஆட்டி இழுத்துப் பிடிப்பது முடி மாதிரி மெல்லிய ஹேர் ஸ்பிரிங். எச்.எம்.டி. ஜனதாவில் நொடிக்கு 5 டிக். வாட்ச் மெதுவாக ஓடினால் மாமா ரெகுலேட்டர் என்ற குட்டி நெம்பை ஒரு இழை நகர்த்துவார். அது ஸ்பிரிங்கில் ஆடுகிற நீளத்தைக் குறைக்கும். நீளம் குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். விறைத்தால் ஆட்டம் வேகமாகும். ஆக, ரெகுலேட்டர் என்பது விறைப்பைத் திருத்தும் நெம்பு.

குவார்ட்ஸ் வாட்சில் சக்கரத்துக்குப் பதில் சுருதிக் கவை மாதிரி இரண்டு கால் உள்ள ஒரு துளிப் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. (ஏன் இந்த விநோத எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் வருவது. 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று கிடைத்துவிடும்.) அதன் வேகத்தைத் தீர்மானிப்பதும் எடையும் விறைப்பும்தான். அந்த ஸ்க்ரூ ஒரு மாற்று மின்தேக்கி. உள்ளே அரை நிலா வடிவத்தில் இரண்டு தகடுகள், திருகினால் ஒன்றின்மேல் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ படியும். நன்றாகப் படிந்தால் படிகத்தின் மின்னூட்டத்துக்குப் போய்வர இடம் இருக்கிறது, முறுக்கிய ஒயர் மாதிரி. கல் இளகுகிறது, வாட்ச் மெதுவாகிறது. விலகினால் மின்னூட்டத்துக்கு இடமில்லை, பிரித்த ஒயர் மாதிரி. கல் விறைக்கிறது, வாட்ச் வேகமாகிறது.

மாமா நாற்பது வருடமாக அந்த ஸ்க்ரூவில் செய்ததும் ரெகுலேட்டரில் செய்ததும் ஒரே வேலை! ஒன்றில் ஸ்பிரிங்கின் நீளத்தை மாற்றி விறைப்பைத் திருத்தினார், இன்னொன்றில் மின்னூட்டத்தின் வழியை மாற்றி விறைப்பைத் திருத்தினார்.

அவர் வெயில் கதையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கவைப் படிகம் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டிருக்கும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். எத்தனை டிகிரி விலகுகிறதோ அதன் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு குறையும் என்று வரும். படிக்கட்டுக்குக் கீழே அந்த அடைசலான கடை 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 டிகிரி விலகல். 15-ன் வர்க்கம் 225, பெருக்கினால் 7.65. ஒரு மாதத்துக்கு 25,92,000 நொடிகள். பத்து லட்சத்துக்கு 7.65 என்றால் மாதம் கிட்டத்தட்ட 20 நொடி சுணக்கம். 'மாசம் இருவது செகண்டு பின்னால போவும்' என்று மாமா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (இரவில் கொஞ்சம் குளிருமே என்று கேட்காதீர்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.)

அந்த 20 நொடியைத் திரும்பப் பிடிக்க விறைப்பை எவ்வளவு கூட்ட வேண்டும்? வேகம் என்பது விறைப்பின் வர்க்கமூலத்தோடு போகும், ஆகவே இரண்டு மடங்கு. பத்து லட்சத்துக்குச் சுமார் 15 பங்கு. சாவி வாட்சில் நாளுக்கு 20 நொடி திருத்த வேண்டுமானால் பத்து லட்சத்துக்குச் சுமார் 460 பங்கு. நுணுக்கம் எதில் அதிகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய குவார்ட்ஸ் மிஷின்கள் பலவற்றில் அந்த ஸ்க்ரூவே இல்லை. வேகத்தைச் சில்லுக்குள் எண்ணாகவே திருத்திவிடுகிறார்கள். அந்த ஸ்க்ரூவைத் திருகத் தெரிந்த கைகளும் மாமா தலைமுறையோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். டிரையல் பேலன்ஸ், லிப்மன் எல்லாம் இல்லாமல், நெம்பு, ஸ்பிரிங் என்று அவர் பாஷையில்தான் சொன்னேன். நம்பவில்லை. 'கல்லுல எங்கடே ஸ்பிரிங்கு?' என்றார்.

செத்துப்போன ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து, படிகம் இருக்கும் அரிசி மணி அளவு உலோகக் குப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். முனையைக் கட்டிங் பிளேயரால் மெதுவாக நறுக்கினார். உள்ளே இருந்ததை இடுக்கியில் பிடித்து, கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இரண்டு கால் கவை, அதன்மேல் ஓடும் பளபளப்பான பூச்சுக் கோடுகள். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பூச்சு எதற்கு என்று கேட்டார். அதுதான் மாமா இரண்டு ஒயர் என்றேன். 'ம்' என்றார். டீ வந்தது, ஆறிப்போனது.

நேற்று சனிக்கிழமை போனபோது பிஸ்கட் டின் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. எல்லா வாட்சுக்கும் பின்மூடி கழற்றியிருந்தது. ஸ்க்ரூ உள்ள மிஷின்களை மட்டும் தனியாகப் பொறுக்கி ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தார்.

'பதினொண்ணு தேறுதுடே' என்றார், நிமிராமல். 'நோட்டுல தனியா எழுது.'

எழுதினேன். மதிப்பு என்ற பத்தியில் என்ன போட என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பங்குனி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதற்குள் அந்தப் பதினொன்றுக்கும் செல் வாங்கிவர வேண்டுமாம்.